மெஷின் யாருது?

பெட்டியைப் பிரித்து மெஷினைக் கூடத்து மேசை விளிம்பில் பொருத்திக்கொண்டிருந்தேன். அம்மா வந்து ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். என்ன மெஷின், எதுக்கு, எவ்வளவு விலை, எதையும் கேட்கவில்லை. "இது நம்முளுதா, கம்பெனியுதா?" என்றாள்.

எங்கள் வீட்டைப் பொறுத்தவரை இது நியாயமான கேள்விதான். இந்தக் கூடத்துக்கு இதற்கு முன் மூன்று மெஷின்கள் வந்திருக்கின்றன. முதலாவது அம்மாவின் தையல் மெஷின். காலால் மிதிப்பது. கல்யாணத்துக்குச் சீராக வந்தது, இன்னும் ஓடுகிறது. இரண்டாவது ஓவர்லாக் மெஷின். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு ஏஜென்ட் கொண்டுவந்து இறக்கினார். துணி அவர் தருவார், மெஷினும் அவருடையது, பீஸ் ரேட்டில் கூலி. வாரா வாரம் மெஷினுக்கு என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார். துணியே வராத வாரத்திலும் பிடித்தம் உண்டு, அடுத்த வாரக் கூலியில் சேர்த்துக் கழிப்பார். பதினாலு மாசம் கழித்து ஒரு டெம்போ வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனது. கடைசிக் கணக்கில் அம்மாதான் அவர்களுக்குப் பாக்கி! மூன்றாவது, 2020 ஊரடங்கின்போது என் கம்பெனி அனுப்பிய லேப்டாப். அதையும் பிறகொரு நாள் கூரியர் பையன் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துப்போனான். அதோடு என் வேலையும் போனது.

"நம்முளுதும்மா" என்றேன். அதற்குப் பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வந்த மெஷின் சில்வர் ரீட் எல்கே150. வீட்டில் வைத்துப் பின்னும் மெஷின்களில் கற்றுக்குட்டிகளுக்கானது. மோட்டார் கிடையாது, கரன்ட் வேண்டாம். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பெட், அதில் 6.5 மில்லிமீட்டர் இடைவெளியில் 150 ஊசிகள், மேலே இடமும் வலமும் தள்ளுவதற்கு ஒரு கேரேஜ். அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து திரும்பிய பழைய சகா ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். எங்கள் வீடு திருக்கழுக்குன்றத்தில், செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. மே மாதத்தில் மலைப்படி ஏறுகிறவர்கள் பாறைச் சூட்டில் துள்ளித் துள்ளி ஏறுவார்கள். இங்கே ஸ்வெட்டர் பின்னுகிறவனை என்ன சொல்வது? கம்பளி நூலுக்கு நான் போகவில்லை. கோனில் வரும் பருத்தி நூலை எட்டு இழையாகச் சேர்த்து ஓட்டினேன்.

முதல் ராத்திரி முப்பது வரிசை பின்னியதும் மொத்தமும் ஊசியிலிருந்து கழன்று மடியில் விழுந்தது. கேரேஜைத் தள்ளும்போது நூல் அதன் வாயிலிருந்து நழுவியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. நூல் இல்லாமல் ஒரு தள்ளு தள்ளினால் எல்லா ஊசியும் பழைய கண்ணியை உதறிவிட்டு, புதுசாக எதையும் பிடிக்காமல் சும்மா நிற்கும். புரோகிராமர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். டேட்டா இல்லாமல் ஓவர்ரைட் செய்த மாதிரி.

இந்த மெஷினின் உயிர் அந்த ஊசிதான். தலையில் ஒரு கொக்கி, அதன் பின்னால் ஆடுகிற ஒரு சின்ன நாக்கு. ஊசி முன்னால் போகும்போது, கொக்கியில் இருக்கும் பழைய கண்ணி நாக்கைத் திறந்துகொண்டு பின்பக்கம் நழுவும். திறந்த கொக்கியில் கேரேஜ் புது நூலை வைக்கும். ஊசி பின்வாங்கும்போது அதே பழைய கண்ணி நாக்கை மூடிவிட்டு அதன் மேலாகத் தலையைத் தாண்டி விழும். உள்ளே புதுக் கண்ணி. திறப்பதும் மூடுவதும் அந்தப் பழைய கண்ணியேதான், இதற்கென்று வேறு உறுப்பு எதுவும் கிடையாது. 1840களின் கடைசியில் இங்கிலாந்தின் லெஸ்டரைச் சேர்ந்த மேத்யூ டவுன்சென்ட் இந்த ஊசிக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்குத் திருப்பூரில் இரவும் பகலும் சுற்றும் வட்ட மெஷின்களிலும் பெரும்பாலும் இதே நாக்கு ஊசிதான்.

ஆனால் பின்னல் மெஷினின் கதை இந்த ஊசிக்கு 250 வருஷம் முன்பே தொடங்கிவிட்டது. 1589ல் நாட்டிங்ஹாம் பக்கத்துக் கால்வர்ட்டன் கிராமத்தைச் சேர்ந்த வில்லியம் லீ காலுறை பின்னும் ஃபிரேமைச் செய்தார். எலிசபெத் ராணி கைப்பின்னல்காரர்களின் பிழைப்பு போய்விடும் என்று காப்புரிமை மறுத்ததாக ஒரு கதை உண்டு. காதலி எந்நேரமும் பின்னிக்கொண்டே இருந்தாள், அந்தக் கோபத்தில் கண்டுபிடித்தார் என்று இன்னொரு கதை. இரண்டையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. நிச்சயமான சங்கதி, இங்கிலாந்தில் ஆதரவு கிடைக்காமல் லீ பிரான்ஸின் ரூவான் நகரத்துக்குப் போனார், அங்கே அவரை ஆதரித்த நாலாம் ஹென்றி 1610ல் கொல்லப்பட்டார், சில வருஷங்களில் லீயும் செத்துப்போனார். தம்பி ஜேம்ஸ் ஃபிரேம்களை இங்கிலாந்துக்கே திருப்பிக் கொண்டுவந்தார்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. அந்த ஃபிரேம் தொழிற்சாலைக்குப் போகவில்லை, வீட்டுக்குள் போனது. நாட்டிங்ஹாம், லெஸ்டர், டெர்பி வட்டாரக் கிராமங்களில் ஜன்னலோரம் ஃபிரேம், அதில் புருஷன், பக்கத்தில் நூல் சுற்றும் பிள்ளைகள், தைத்து முடிக்கும் மனைவி. நீராவி வந்த பிறகும்கூட நெடுங்காலம் இப்படியே ஓடியது. 1844ல் நாட்டிங்ஹாம்காரர் வில்லியம் ஃபெல்கின் எடுத்த கணக்கில் 48,000க்கும் மேற்பட்ட ஃபிரேம்கள். பெரும்பாலானவை பின்னுகிறவருக்குச் சொந்தமில்லை. காலுறை வியாபாரிக்கோ இடைத்தரகருக்கோ, சில சமயம் தொழிலுக்கே சம்பந்தமில்லாத கசாப்புக் கடைக்காரருக்கோ சொந்தம். ஃபிரேம் ஒரு நல்ல முதலீடு. ஏனென்றால் வாரம்தோறும் வாடகை வரும், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதனால் வேலை குறைவாக இருக்கும் காலத்தில் தரகர்கள் இருக்கிற வேலையைச் சிலருக்கு முழுசாகக் கொடுக்காமல் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். கருணை ஒன்றும் இல்லை. எத்தனை ஃபிரேம் ஓடுகிறதோ அத்தனை வாடகை. நூல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரும் தரகர் எனக்கு அந்த ஓவர்லாக் ஏஜென்ட்டின் முகத்தோடுதான் தெரிகிறார்.

லுட்டைட்டுகளை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ஏஐ பற்றிப் பேச ஆரம்பித்தாலே யாராவது இந்தப் பேரை இழுக்கிறார்கள், புது டெக்னாலஜியைக் கண்டு பயந்த முட்டாள்கள் என்று. 1811ல் நாட்டிங்ஹாம் கிராமங்களில் அவர்கள் உடைத்தது பெரும்பாலும் இந்தக் காலுறை ஃபிரேம்களைத்தான். அப்போதே அவை இருநூறு வருஷத்துப் பழைய மெஷின்! உடைத்தவர்கள் வாழ்நாள் முழுக்க அதில் உட்கார்ந்து பின்னியவர்கள். எல்லா ஃபிரேமையும் உடைக்கவும் இல்லை, கூலியைக் குறைத்தவனின் ஃபிரேம், மட்டமான சரக்கு பின்னுகிறவனின் ஃபிரேம் என்று தேடிப் போய் உடைத்தார்கள். அரசாங்கம் 1812ல் ஃபிரேம் உடைப்புக்கு மரண தண்டனைச் சட்டம் கொண்டுவந்தது. கவி பைரன் பிரபுக்கள் சபையில் தன் முதல் பேச்சை அந்த மசோதாவை எதிர்த்துத்தான் பேசினார்.

மட்டமான சரக்கு என்று அவர்கள் சொன்னது எனக்கு இந்த மெஷின் வந்த பிறகுதான் புரிந்தது. நல்ல காலுறை, காலின் வடிவத்துக்கு ஏற்பக் கண்ணியைக் கூட்டியும் குறைத்தும் பின்னப்பட்டது, ஓரம் தானாகவே முடிந்திருக்கும். வியாபாரிகள் என்ன செய்தார்கள் என்றால், அகலமான ஃபிரேமில் நேர்த்துணியாகப் பின்னி, கத்தரியால் காலுறை வடிவத்தில் வெட்டித் தைத்தார்கள். பின்னிய துணியை வெட்டினால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால் ஒரு பழைய பனியனை வெட்டி இழுத்துப் பாருங்கள். நான் என் முதல் துண்டை அப்படி வெட்டினேன். ஒரு கண்ணி அவிழ்ந்து, அதன் கீழ்க் கண்ணி அவிழ்ந்து, ஏணிப்படி மாதிரி அடிவரை ஓடிவிட்டது.

அந்த ஓட்டத்தை நிறுத்த ஒரு வழி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் மெர்ரோ குடும்பத்தின் கம்பெனி, வெட்டிய ஓரத்தைச் சுற்றிவளைத்துத் தைக்கும் மெஷினைச் செய்தது. அதுதான் ஓவர்லாக். இன்று நாம் போடும் டி-ஷர்ட் லுட்டைட்டுகள் வெறுத்த அதே வெட்டுச் சரக்குதான், ஓவர்லாக் போட்டது. எங்கள் கூடத்தில் பதினாலு மாசம் இருந்த மெஷின் எந்தச் சண்டையின் முடிவில் பிறந்தது என்று தெரியாமலேயே அம்மா அதில் உட்கார்ந்திருந்தாள்.

வில்லியம் லீயின் ஊரில் வாடகை ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே, இந்தக் கடற்கரையில் என்ன நிலைமை? பின்னல் இங்கே கிடையாது, தறிதான். சோழர் கல்வெட்டுகளில் தறியிறை என்றொரு வரி வருகிறது, தறிக்கு இவ்வளவு என்று. வரி போடுகிறார்கள் என்றால் தறியை எண்ணியிருக்கிறார்கள், எந்தத் தறி யாருடையது என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தை ஒட்டிச் சதுரங்கப்பட்டினம் இருக்கிறது. டச்சுக்காரர்கள் சத்ராஸ் என்றார்கள். கோட்டையும், படம் செதுக்கிய கல்லறைகளும், சுற்றிலும் காதலர்களும். டச்சுக்காரர்கள் அங்கே வந்து உட்கார்ந்தது உட்பகுதி ஊர்களில் நெய்த பருத்தித் துணிக்காக. அந்த ஊர்கள் இன்று எந்த மாவட்டம் என்று கேட்டால் தலை சுற்றும். 1997 வரை காஞ்சிபுரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது, பிறகு செங்கல்பட்டு காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது, 2019 நவம்பரில்தான் மறுபடி தனியானது.

நெசவாளியின் குழித்தறி அவர் வீட்டிலேயே இருந்தது, பெரும்பாலும் அவருக்கே சொந்தம். ஒரு குழி, நாலு மரச் சட்டம், கயிறு, அச்சு, ஓடம். உள்ளூர்த் தச்சர் செய்து தருவார். இரும்பும் ஈயமுமாக எக்கச்சக்க உறுப்புகள் கொண்ட காலுறை ஃபிரேமோடு ஒப்பிட்டால் விலையே இல்லை. வியாபாரி முன்பணம் தருவார், அதில் நெசவாளி நூல் வாங்கி, சாப்பிட்டு, நெய்து தருவார். பிரசன்னன் பார்த்தசாரதி 2001ல் வெளியான தன் புத்தகத்தில் 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளர்களைப் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறார். வேறு வியாபாரி நல்ல விலை சொன்னால், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ள நெசவாளிக்கு வழக்கப்படி உரிமை இருந்தது. கூலியைத் தானியக் கணக்கில் பார்த்தால் இங்கிலாந்து நெசவாளியைவிட இவர்கள் நிலை மோசமில்லை என்றும் வாதிடுகிறார். இதில் அறிஞர்களுக்குள் சண்டை உண்டு, நான் நடுவில் போகவில்லை. ஆனால் அந்த விலகும் உரிமை என்னை உலுக்கியது. எங்கள் கம்பெனி ஆஃபர் லெட்டரில் நோட்டீஸ் பீரியட் 90 நாள்.

1763ல் செங்கல்பட்டுச் சீமை ஜாகீராகக் கிழக்கிந்திய கம்பெனி கைக்கு வந்தது. 1767லிருந்து 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்பவர் சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்து, வீடு வீடாக, தொழில் தொழிலாகக் கணக்கெடுத்தார். அதற்கடுத்த வருஷங்களில் தென்னிந்தியா முழுக்கக் கம்பெனி துணி வியாபாரத்தில் இடைவியாபாரிகளைத் தள்ளிவிட்டு நெசவாளியை நேராகப் பிடித்தது. முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றால் வாங்கமாட்டார்கள், துணிதான் வேண்டும். ஊருக்குள் சேவகர்களை நிறுத்தி வைத்தார்கள். கொடுத்து முடிக்காத துணி கடனாக ஏறியது. கவனியுங்கள், தறி அப்போதும் நெசவாளியுடையதுதான். யாரும் அதைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. மெஷின் நம்முளுது என்று அம்மாவுக்கு நான் சொன்ன பதிலில் எவ்வளவு ஓட்டை இருக்கிறது என்று இதைப் படிக்கும்போது தோன்றியது. மெஷினைத் தவிர இன்னொரு கேள்வியும் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோக முடியுமா என்பது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் வலை சீர்செய்கிறவர்களோடு உட்கார்ந்திருந்தேன். என் மெஷினின் கண்ணியை இழுத்தால் அவிழும், வலைக் கண்ணி ஒவ்வொன்றும் முடிச்சு, அறுந்தால் அந்த இடம் மட்டும் போகும். அவர்கள் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. பிடிபட்ட மீனில் டீசல் செலவு போக, படகுக்கும் வலைக்கும் பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. படகுக்காரருக்கும் தொழிலாளிக்கும் இதில் தகராறே இல்லை என்று சொல்லவில்லை. நான் கேட்டது ஒன்றுதான், மீன் படாத நாளில் வலைப் பங்கு யார் தருவது? பெரியவர் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மீனே இல்லன்னா எதுலருந்துப்பா பங்கு?" என்றார். நாட்டிங்ஹாமில் இந்தக் கேள்விக்கு இவ்வளவு சுலபமான பதில் கிடைக்கவில்லை. 1845ல் அரசு விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தும், ஃபிரேம் வாடகையைக் கூலியில் பிடிப்பதைத் தடுக்கும் சட்டம் 1874ல்தான் வந்தது. அதற்குள் நீராவி மெஷின்கள் வந்து வீட்டுப் பின்னலே மங்கிவிட்டிருந்தது.

மெஷினின் விலைதான் யார் சொந்தக்காரர் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அதனால்தான் மலிவான, சின்ன, வீட்டு மெஷின் என்ற யோசனை திரும்பத் திரும்ப வருகிறது என்று நினைக்கிறேன். 1863ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஐசக் லேம்ப் நாக்கு ஊசி வைத்த தட்டைப் பின்னல் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார், அது குடும்ப மெஷின் என்ற பெயரிலேயே விற்கப்பட்டது. 1923ல் ஜப்பானில் ஹகிவாரா மாசா என்ற இளம்பெண் வீட்டுப் பின்னல் மெஷினை உருவாக்கினார். என் மெஷினின் வம்சம் அங்கிருந்துதான் வருகிறது. போருக்குப் பிறகு ஜப்பானில் இது பரவலானது, தையல் மெஷின் கம்பெனியான பிரதர் 1954ல் பின்னல் மெஷின் விற்கத் தொடங்கியது. 1929ல் காந்தியின் சர்க்கா சங்கம் ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது, நூற்கும் மெஷினுக்கு. விதிகளைப் படித்தால் ஒரு நல்ல ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட் மாதிரி இருக்கும். குடிசைக்குள் வைக்கும் அளவு, கையாலோ காலாலோ இயக்கம், ஒரு பெண் எட்டு மணி நேரம் களைப்பில்லாமல் ஓட்டி 16,000 அடி நூல் எடுக்க வேண்டும், விலை 150 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. பரிசை யாரும் வாங்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த அம்பர் சர்க்காவைச் செய்தவர் ஏகாம்பரநாதன் என்ற தமிழர். அம்பர் என்பது அவர் பெயரின் நடுப்பகுதி.

பிரதர் 1980களில் விற்ற எலெக்ட்ரானிக் மெஷின்களில் சில ஃபிளாப்பி டிரைவோடு பேசும். 1990களின் கடைசியில் கம்பெனி இந்தத் தொழிலை விட்டது. 2010ல் பெக்கி ஸ்டெர்னும் லிமோர் ஃபிரைடும் பிரதர் கேஎச்-930ஈ மெஷினுக்கு, கம்ப்யூட்டரே ஃபிளாப்பி டிரைவாக நடிக்கும்படி ஒரு கேபிள் போட்டு, எந்தப் படத்தை வேண்டுமானாலும் பின்ன வைத்தார்கள். அதற்கு முன்பே ஸ்டீவ் கான்க்லின் அந்த டேட்டா வடிவத்தை நோண்டி எடுத்திருந்தார். நான் முதலில் இந்த உலகத்துக்குள் வந்தது அதைப் படித்துத்தான். கம்பெனி கைவிட்ட பிறகும் மெஷின் உயிரோடிருக்கிறது, காரணம் அது யாரோ ஒருவரின் வீட்டில் அவருக்கே சொந்தமாக இருந்தது. என் லேப்டாப்பில் நான் ஒரு சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்யக்கூட டிக்கெட் போட வேண்டியிருந்தது.

இரண்டாவது வாரம் நான் வெளியே போய்விட்டு வந்தபோது, நான் கெடுத்து வைத்திருந்த துண்டுகளை எல்லாம் அம்மா பிரித்து உருண்டையாகச் சுற்றி வைத்திருந்தாள். நெய்த துணியில் இது முடியாது, பின்னலில் முடியும். மொத்தமும் ஒரே நூல். இப்போது அவள் கேரேஜைத் தள்ளும் சத்தம் மத்தியானங்களில் கேட்கிறது. என்னைவிடச் சீராகத் தள்ளுகிறாள், வரிசை முடிந்ததும் ஒரு கணம் நிறுத்தி நூல் வாயில் இருக்கிறதா என்று பார்க்கிறாள். பாத்திரம் தேய்க்க ஒரு துண்டு, அக்கா குழந்தைக்கு ஒரு கைப்பை, அப்புறம் எதற்கென்றே தெரியாத ஒரு நீளப் பட்டை.

"பீஸுக்கு எவ்ளோ தருவாங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"யாரும் தரமாட்டாங்கம்மா. நாமளா பின்னிக்கிறதுதான்."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சீராக வந்த குடம், அண்டா, தாம்பாளம், அந்தத் தையல் மெஷினின் இரும்புத் தட்டு உட்பட எல்லாவற்றிலும் அவள் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். மெஷினைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"டேய், பாத்திரக் கடையில பேர் வெட்றாரே, அவரு பிளாஸ்டிக்ல வெட்டுவாரா? கேட்டுட்டு வா."